அத்தான் யாரைப் பார்த்துச் செய்கிறார்?

கொரோனா ஊரடங்கு முடிந்து பஸ்கள் பழையபடி ஓட ஆரம்பித்த பிறகு வந்த இரண்டாவது புரட்டாசி அது. மூன்றாம் சனிக்கிழமை, பிற்பகல். திருவாரூருக்கும் கீழ்வேளூருக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்தில், என் அக்கா வீட்டில் நடந்தது. எதையும் மாதம், கிழமையோடு சொல்லிப் பழகியவன் நான். பல நாட்களைக் காலண்டரைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்வேன். அந்தச் சனிக்கிழமைக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

என் வீடு திருவையாற்றில். பணி ஓய்வுக்குப் பிறகு, எந்தக் குளம் யார் காலத்தில் வெட்டியது, எந்த வாய்க்காலுக்கு முன்பு என்ன பெயர் என்று தேடித் திரிவது எனக்குப் பொழுதுபோக்கு. அத்தான் என்னைக் ‘கல்வெட்டு’ என்றுதான் கூப்பிடுவார். வாழ்நாளெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர். கூட்ட நெரிசலில் பத்துப் பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டே டிக்கெட் கிழிப்பார். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “வாங்க கல்வெட்டு! நம்ம வீட்டுக் கொல்லைப்புறம் எந்த ராஜா கட்டினது, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்பார்.

அந்த வாய் ஆடி மாதக் கடைசியில் அடங்கியது. மூளையின் முன்பக்கத்தில் ரத்தக் குழாய் அடைப்பு. கை கால் ஒன்றும் விழவில்லை. நடந்தார், உட்கார்ந்தார். பேச்சு மட்டும் போய்விட்டது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவரைப் பார்க்கப் போனேன். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “எப்படி இருக்கீங்க அத்தான்?” என்றேன். காதைச் சொறிந்தேன். அவரும் காதைச் சொறிந்தார். கால்மேல் கால் போட்டேன், அவரும் போட்டார். பழைய கிண்டல் திரும்பிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். அவர் உதடுகளும் விரிந்தன. அதில் சிரிப்பு இல்லை. என் சிரிப்பின் அச்சு மட்டும் இருந்தது. நான் சட்டென்று நிறுத்தினேன், அவரும் நிறுத்தினார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டேன்.

அக்கா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “இப்புடித்தான்டா தம்பி. நான் அழுதா அவரும் அழுவுறாரு. கண்ணுல ஒரு சொட்டு தண்ணி கிடையாது. மூஞ்சி மட்டும் அழுவுது. அதப் பாத்துப் பயந்துபோயி நான் இப்ப அழுவுறதே இல்ல” என்றாள்.

தஞ்சாவூரில் அவரைப் பார்த்த டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். “ஒருத்தர் கையைத் தூக்கறதைப் பார்த்தா, நம்ம மூளையிலயும் கையைத் தூக்கற இடம் லேசா அசையும் சார். எதிராளி என்ன செய்யறார்னு நமக்குச் சட்டுனு பிடிபடறதுக்கு அதுவும் ஒரு காரணம்னு சொல்றாங்க. நம்ம கை எழும்பாம இருக்க ஒரு தடுப்பு இருக்கு. இவருக்கு அடிபட்டது அந்தத் தடுப்புல. வேணும்னு செய்யலை. பார்த்ததை உடம்பு செஞ்சிடுது.”

எனக்குப் புரிந்தது. அக்காவிடம் சொன்னேன். அவளுக்கும் புரிந்தது. ஆனால் புரிந்ததால் பயம் போய்விடவில்லை. நாள் முழுக்க, எந்த அறைக்குப் போனாலும், தன்னையே இன்னொரு உடம்பில் பார்த்துக்கொண்டு ஒருத்தி எப்படி இருப்பாள்? சாப்பாட்டுக்கு மட்டும் அது உதவியது. அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டால் அவரும் சாப்பிடுவார். அவள் கையை நிறுத்தினால் அவர் கையும் பாதி வழியில் நிற்கும்.

அதைவிட அவளை உலுக்கியது வேறு. அறையில் யாருமே இல்லாதபோதும் அவர் ஏதாவது செய்ய ஆரம்பித்தார். முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்தபடி வலது கையை வீசி வீசி எதையோ இறைத்தார். ஒருநாள் எதையோ அள்ளி, சுருட்டி, கட்டித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். கையில் ஒன்றுமே கிடையாது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, “செத்தவங்க யாரோ வந்து இவருகிட்ட பழகுறாங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன்பிறகு அக்கா தூங்கவில்லை.

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னலுக்கு எதிரே சிமெண்டு ரோடு. அதைத் தாண்டினால் வெட்டாற்றிலிருந்து பிரிந்து வரும் பாசன வாய்க்கால், அதில் ஒரு படித்துறை. அக்கரையில் வயல். வயலில் ஒருவர் உரம் தெளித்துக்கொண்டிருந்தார், வலது கையை வீசி வீசி.

“பாரு அக்கா, அவரைப் பாத்துத்தான் செய்யறார்” என்றேன்.

“சரி, பாத்துத்தான் செய்யறாருன்னே வச்சுக்க. எங்க வீட்டுக்காரரு எங்கடா போனாரு?”



சென்னையில் இருக்கும் அவள் மகன், திருச்சிப் பக்கம் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு காப்பகத்தில் பேசி முடித்துவிட்டான். அம்மா தனியாகக் கிடந்து பைத்தியமாகிவிடுவாள் என்பது அவன் கவலை. அதில் நியாயம் இருந்தது. மூன்றாம் சனிக்கு மறுநாள் காலை கார் வரும், கூடப் போய் விட்டுவர வேண்டியவன் நான். அக்காவும் சம்மதித்திருந்தாள். சனிக்கிழமை காலை நான் போய்ச் சேர்ந்தபோது மாவிளக்கு ஏற்றி வைத்துவிட்டு, அத்தானின் வேட்டிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். எதிரே அத்தான், இல்லாத வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தோம். அக்கா உள்ளே போய்ப் படுத்தாள். நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். குறுவை அறுவடையான வயல்களில் வாத்துக் கூட்டம் மேய வந்திருந்தது. வெளியூர்க்காரர்கள், ஊர் ஊராக வாத்துகளை ஓட்டிக்கொண்டு வருபவர்கள். அவற்றின் இரைச்சல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

நாற்காலி கிரீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். அத்தான் நாற்காலிக் கைகளை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தி, உடம்பைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டு உட்கார்ந்தார். மறுபடி அழுத்தித் தூக்கினார். தலை பின்னால் சாய்ந்து, முகம் கூரையைப் பார்த்திருந்தது.

யாரைப் பார்த்துச் செய்கிறார் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாய்க்கால் நிறையத் தண்ணீர். படித்துறைக்குச் சற்றுத் தள்ளி, கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு இளைஞன் நின்றுகொண்டிருந்தான். வாத்து மேய்ப்பவர்களில் ஒருவனாக இருக்கவேண்டும். முகத்தை வானத்துக்குக் காட்டி, லேசாக ஏறி இறங்கி நின்றான். படியில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கூச்சல் இல்லை, கையைத் தூக்கி ஆட்டவில்லை. வெயிலுக்குச் சுகமாக ஊறுகிறான் என்று நினைத்தேன்.

“நல்லாக் குளிக்கிறான் அத்தான். உங்களுக்கும் ஆசை வந்துட்டுதா?” என்று சிரித்தேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. என் சிரிப்பு அவர் முகத்தில் வரவில்லை. அதுவே புதிது. பக்கத்தில் இருப்பவரைத்தான் அவர் முதலில் பிடித்துக்கொள்வார். இப்போது கண் ஜன்னலுக்கு வெளியிலேயே குத்திட்டிருந்தது. நான் பேப்பரைக் கீழே வைத்தேன்.

அவர் வாய் திறந்தது, மூடியது. சத்தம் இல்லை. தாடை தாழ்ந்தபோது உதடுகளை இறுக்கிக்கொண்டார். மூச்சும் நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. கைகள் அழுத்த, உடம்பு எழும்ப, வாய் ஒரு நொடி திறந்து காற்றைக் கவ்வியது. உடனே மறுபடி தாழ்ந்தார். கண்ணுக்குத் தெரியாத ஏணி ஒன்றில் ஏறப் பார்த்து, ஏற ஏற அது கீழே இறங்குவது போல இருந்தது.

சுகமாகக் குளிக்கிறவன் முகம் அல்ல அது.

அதே ஜன்னல், அதே ஆள். நான் நேராகப் பார்த்தபோது தெரியாதது, ஒன்றும் புரியாத அந்த மனிதரின் முகத்தில் தெரிந்தது. அப்போதுதான் மறுபடி வெளியே பார்த்தேன். இப்போது அவன் நிற்கவில்லை என்பது தெரிந்தது. காலுக்கடியில் தரை இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தான்.

“அக்கா!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். ரோட்டைத் தாண்டி, கரையில் சறுக்கி, படியில் இறங்கினேன். துவைத்துக்கொண்டிருந்த பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“அந்தப் பையன்! முழுகுறான்மா!”

அவள் திரும்பிப் பார்த்தாள். அவளிடமிருந்து நாலு முழம்கூட இருக்காது. “இவ்வளவு நேரம் சும்மாத்தானே நின்னான்?” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவன் தலை உள்ளே போய்விட்டது.

“ஐயையோ, பொக்லைன் வச்சு நோண்டின பள்ளம்!” கோடையில் தூர் வாரியபோது அந்த இடத்தில் ஆழமாக அள்ளிவிட்டார்களாம். ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வந்தவனுக்கு எப்படித் தெரியும்? துவைத்துக்கொண்டிருந்த சேலையின் ஒரு முனையை என் கையில் திணித்து, மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, “உட்காந்து புடிங்க, விட்டுறாதீங்க” என்று தண்ணீரில் பாய்ந்தாள். நான் படியில் உட்கார்ந்து காலை உதைத்துப் பிடித்துக்கொண்டேன். ஈரச் சேலை கயிறாக முறுக்கிக்கொண்டு கையை அறுத்தது. இழுப்பு நின்று, தளர்ந்து, மறுபடி கனத்தது. இழுத்தேன். முதலில் அவள் முகம் வந்தது. பிறகு அவள் கைப்பிடியில் இருந்த தலைமுடி.

படியில் குப்புறப் போட்டோம். அவள் முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். ஒரு வழியாக இருமினான். தண்ணீராகக் கொட்டியது.

அவனுடைய ஆட்கள் ஓடிவந்தார்கள். பேச்சு வந்ததும், “கூப்புடத்தான் பாத்தேங்க. வாயத் தொறந்தா தண்ணி உள்ள போவுது, எங்க கூப்புடுறது?” என்றான். அந்தப் பெண் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே, “வாத்து மேய்க்கிறவனுக்கு நீச்சல் தெரியாதாம், இந்தக் கூத்த எங்க போயிச் சொல்ல! உன் வாத்துக்கிட்டயாவது கத்துக்கக் கூடாதா?” என்று அவனைத் திட்டித் தீர்த்தாள். ஆட்டோ வைத்து அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். பிழைத்துவிட்டான்.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது அக்கா தரையில் உட்கார்ந்து அத்தானின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளிறிக் கிடந்தது.

“நீ ஓடினதும் நான் வந்தேன். இவரு மூச்சே விடல தம்பி. உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. கண்ண வேற பக்கம் திருப்பலாம்னு மூஞ்சிய ரெண்டு கையாலயும் புடிச்சேன், முடியல. நான் எதிர்ல நின்னு பெரிசா பெரிசா மூச்சு வாங்கிக் காட்டினேன். பாக்கவே இல்ல. அவன் அங்க இருமினான், இவரு இங்க இருமினாரு.”

அத்தான் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவர் சட்டை நனையவில்லை. ஏன் அதைத் தொட்டுப் பார்த்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் காபி போட்டுக்கொண்டு வந்தவள், டம்ளரை என் முன்னால் வைத்தாள். பிறகு, “அந்தக் காப்பகத்த நீ நேர்ல பாத்தியா?” என்று கேட்டாள்.

“பார்த்தேன். சுத்தமா இருக்கு. ஒரு கூடத்துல இருபது கட்டில்.”

“அதுல இருக்கறவங்க?”

நான் யோசித்தேன். ஒருவர் நாள் முழுக்கத் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் மூச்சு விட முடியாமல் படுத்துக் கிடந்தார். சொன்னேன். சொல்லும்போதே எனக்கும் உறைத்தது.

“அங்க கொண்டுபோயி உட்கார வச்சா, இவரு யாரப் பாப்பாரு?” என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. “எனக்குப் பயம்தான்டா. இப்பவும் பயம்தான். ஆனா இவரு பாக்கறதெல்லாம் இவரு உடம்புக்கு நடக்குதுடா. எதப் பாக்கணும்னு நாமதான் பாத்து வைக்கணும்.”

மகனுக்குப் போன் போட்டாள். அவன் அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. “கார வேணாம்னு சொல்லிடு” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். வைத்ததும், மடித்து வைத்த வேட்டிகளைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தாள். இப்போதும் அத்தான் அந்த வீட்டில்தான் இருக்கிறார். வாய்க்காலில் தண்ணீர் வரும் மாதங்களில் அக்கா அவரைக் கொல்லைப் பக்கத்து ஜன்னலில் உட்கார வைக்கிறாள். அங்கே பசுமாடும் கன்றும் கட்டியிருக்கும். பாதி நேரம் அத்தானின் வாய் அசைபோட்டுக்கொண்டிருக்கும். “போவட்டும், இதுல உசுருக்கு ஒண்ணும் இல்ல” என்று சொல்லி அவளே சிரிக்கிறாள்.

அன்று அந்த இளைஞனை இரண்டு பேர் நன்றாகப் பார்த்தோம். துணி துவைத்த பெண்ணும் நானும். எங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. குளிப்பவர்களை ஆயிரம் தடவை பார்த்திருந்ததால், பார்த்த மாத்திரத்தில் ‘குளிக்கிறான்’ என்று எழுதி மூடிவிட்டோம். அத்தானின் மூளைக்கு அப்படி மூடத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒருவர் சும்மா நிற்கிறார் என்று என் மனம் முடிவு செய்யும்போதெல்லாம், பஸ் நிறுத்தமானாலும் ஆற்றங்கரையானாலும், அந்த முடிவை நம்பாமல் இன்னொரு முறை அங்கே நிற்பவரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நகர்கிறேன்.