வளையல்காரம்மா வந்த தோல் மாநாடு

இருவர் பேசிக்கொள்ளும்போது மூன்றாமவராக நடுவில் நின்று, இருவரிடமும் திட்டு வாங்குவதே மொழிபெயர்ப்பாளரின் தொழில். முப்பத்தோராண்டுகள் கல்லூரியில் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றபின் நான் இத்தொழிலுக்கு வந்தேன். மாமியாரையோ மாமனாரையோ மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவர் சொன்னதை இவருக்கும் இவர் சொன்னதை அவருக்கும் எடுத்துரைத்து, இறுதியில் "நீ ஒழுங்காச் சொல்லல" என்று வீடு வரை ஏச்சுக் கேட்டவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் என் இனமே. தயக்கமின்றி மேலே படிக்கலாம்.

தோல் ஆராய்ச்சியாளர், தோல் மருத்துவர், தோல் நோயாளர் ஆகிய மூவகையினரையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைக்கும் இரண்டு நாள் மாநாடு ஒன்று அண்மையில் புதுக்கோட்டையில் நடந்தது. திருக்கோகர்ணத்திலுள்ள என் வீட்டிலிருந்து நகரப் பேருந்தில் பதினைந்து நிமிடப் பயணம். மேடையில் ஆங்கிலத்தில் பேசுவதைத் தமிழிலும், கீழே தமிழில் கேட்பதை ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டியது என் பணி. சொன்னதைச் சொல்ல வேண்டும்; ஒரு சொல்லும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. நாற்பது மேடைகளில் நான் அந்த விதியை மீறியதில்லை.

மூன்று நிறக் கயிறுகள்

வாயிலில் பெயர் அட்டை கொடுத்தார்கள். ஆராய்ச்சியாளருக்கு நீலக் கயிறு, மருத்துவருக்குப் பச்சை, நோயாளருக்கு மஞ்சள். ஒழுங்கான ஏற்பாடு என்று நான் மனத்துக்குள் பாராட்டிக்கொண்டிருந்தபோதே பிழை நேர்ந்தது. கழுத்திலும் கன்னத்திலும் வெண்புள்ளிகள் உள்ள ஒருவர் வந்தார். மேசையில் இருந்த பெண் அவர் முகத்தைப் பார்த்தாள். பெயரைக் கேட்கவே இல்லை. மஞ்சள் கயிற்றை எடுத்து நீட்டிவிட்டாள். அவரோ, அன்று காலை முதல் அமர்வுக்குத் தலைமை தாங்க வேண்டிய மூத்த மருத்துவர்.

பச்சைக் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி, மன்னிக்கும்படி வேண்டினேன். அவர் அதையும் வாங்கி, மஞ்சளுக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். "இருக்கட்டும் மேடம். பன்னெண்டு வயசுலேருந்து மஞ்சள், இருபத்தஞ்சுக்கு மேல பச்சை. ரெண்டையும் நான் உழைச்சுத்தான் வாங்கியிருக்கேன்."

மாப்பிள்ளைக் கோலத்தில் நோயாளர்

அடுத்த பிழைக்கு நானே பொறுப்பு. நோயாளர்களுக்கு அனுப்பிய அழைப்பைத் தமிழில் எழுதியவள் நான். தாங்கள் குடும்பத்துடன் வருகை தந்து மாநாட்டைச் சிறப்பிக்குமாறு வேண்டினேன். இடமும் திருமண மண்டபம். விளைவு என்னவாக இருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

முற்பகலில் நோயாளர் ஒவ்வொருவரின் தோலையும் மருத்துவர்கள் நேரில் பார்க்கும் நிகழ்ச்சி. பட்டுப் புடவையும் சலவை வேட்டியுமாக எழுபது பேர் வரிசையில் நின்றார்கள். சொரியாசிஸ் உள்ளவர்கள் காலையில் எண்ணெய் தேய்த்து ஊற வைத்துக் குளித்திருந்தார்கள். ஒரு செதிலும் மிச்சமில்லை. வெண்புள்ளி உள்ளவர்கள் தோல் நிறக் களிம்பைப் பூசி, அதன்மேல் பவுடரும் அடித்திருந்தார்கள். உருப்பெருக்கிகளைக் கையில் ஏந்திய மருத்துவர்கள் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நோயை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தீர்களா என்று கேளுங்கள்" என்றார் ஒருவர் எரிச்சலோடு. நான் கூட்டாமல் குறைக்காமல் கேட்டேன்.

பொன்னமராவதியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பெரியவர், சந்தன நிறச் சட்டையின் கையை மடக்கியபடி எனக்கு விடை சொன்னார்: "மண்டபத்துக்கு வாங்கன்னு பத்திரிகை வச்சுட்டு, புண்ணோட வரலன்னு கோவிச்சுக்கிட்டா எப்படிங்க? அதுக்கு ஆசுபத்திரிக்கில்ல கூப்பிட்டிருக்கணும்!"

பத்து நிமிட விடை

பிற்பகலில் கேள்வி நேரம். கேள்விகளைத் துண்டுத் தாளில் எழுதித் தரச் சொல்லியிருந்தோம். ஒரு தாளில் உருண்டையான எழுத்தில் ஒரே வரி இருந்தது: "வளையல் போடுகிறவள் பிறத்தியார் கையைப் பிடிக்கலாமா?" எழுதியவர் ஜெய்த்தூன் பீவி, மணமேல்குடிப் பக்கத்தில் வளையல் கடை வைத்திருப்பவர், ஐம்பதைக் கடந்தவர். காலையில் களிம்பு பூசாமல் வந்தவர் அவர் ஒருவரே. பத்து விரல்களும் மணிக்கட்டு வரை வெளுத்திருந்தன.

மேடையிலிருந்த மருத்துவர் நல்லவர். எதிர்ப்பு அணுக்கள், நிறம் தரும் அணுக்கள், அவற்றிடையே நடக்கும் சண்டை எல்லாவற்றையும் பத்து நிமிடம் விளக்கி, இது தொற்று நோயே அன்று; எவர் கையையும் பிடிக்கலாம் என்று முடித்தார். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். ஜெய்த்தூன் மட்டும் தட்டவில்லை.

இடைவேளையில் அவரருகே சென்று, விடை தெளிவாக இருந்ததா என்று கேட்டேன். பல்லாண்டுகள் விடைத்தாள் திருத்தியவளுக்கு அந்த ஐயம் இயல்பு. அவர் பக்கத்து நாற்காலியில் என்னை உட்கார வைத்துச் சொன்னார். முப்பது ஆண்டுகளாக அவர்தான் அந்தப் பக்கத்து வளைகாப்புகளுக்கெல்லாம் சென்று வளையல் அடுக்கியவர். விரல்கள் வெளுத்த மூன்றாண்டுகளாக எவரும் அழைப்பதில்லை. கடைக்கு வருகிறவர்களும் "குடுங்கக்கா, நாங்களே போட்டுக்கிறோம்" என்று வாங்கிக்கொள்கிறார்கள். போடத் தெரியாமல் உடைக்கிறார்கள். மருமகள் முன்னால் நிற்க, அவர் கடையின் பின்னால் உட்கார்ந்து பெட்டி கட்டுகிறார். இந்த மாதத்தோடு கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட முடிவு செய்திருந்தார். "டாக்டரு சொன்னது எனக்கு நல்லாப் புரிஞ்சுது டீச்சர். ஆனா அதை எனக்கில்ல, கையை நீட்டுறவங்களுக்குல்ல சொல்லணும்?"

ஒப்புதல் படிவம்

மீனாள் என்ற ஆராய்ச்சியாளர் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். திருமயத்துக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்த வணிகக் குடும்பம். பிறந்து வளர்ந்ததெல்லாம் வெளியூர்; தமிழ் புரியும், பேச்சுத் தடுமாறும். ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தார். தம் ஆய்வுக்காக ஜெய்த்தூனின் விரல்களைப் படமெடுக்க வேண்டும் என்றார். அதற்கு ஆறு பக்க ஒப்புதல் படிவம். மொழிபெயர்த்தவள் நானாகையால் முழுவதையும் வாசித்தேன். "தாங்கள் விரும்பும் எக்கணத்திலும் இவ்வாய்விலிருந்து விலகிக்கொள்ளலாம்" என்ற இடத்தில் ஜெய்த்தூன், "இவ்வளவு மரியாதையா எங்கிட்ட யாரும் பேசுனதில்ல, இன்னொரு தடவை படிங்க" என்றார். படித்தேன்.

மீனாள் உறையணியாத கையால் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருப்பிப் படமெடுத்தார். ஜெய்த்தூனின் பார்வையோ மீனாளின் மணிக்கட்டின்மேல். "எந்த ஊரு நீங்க? திருமயம் பக்கமா? அட, நம்ம ஆச்சி! ஏழாம் மாசத்துல கையை இப்படி மொட்டையா வச்சுக்கிட்டா திரிவாங்க?"

"முப்பத்திரண்டு வயதில் நான் ஆச்சியா?" என்று மீனாள் சிரித்தார்.

"ஒங்க வீடுகள்ல பொம்பளப் புள்ள பொறந்த அன்னிக்கே ஆச்சிதான். இந்தாங்க." பையிலிருந்து பச்சைக் கண்ணாடி வளையல் ஒரு டஜனை எடுத்து, தாளோடு மேசைமேல் வைத்தார், கையில் கொடுக்கவில்லை. "நீங்களே போட்டுக்கங்க."

"எனக்குப் போடத் தெரியாதே" என்று சொல்லி, மீனாள் இரண்டு கைகளையும் நீட்டினார். ஜெய்த்தூன் முந்தானையில் தம் விரல்களைத் துடைத்துக்கொண்டு, மீனாளின் வலக் கையைப் பற்றி, நான்கு விரல்களையும் குவித்து, பெருவிரலின் அடி மூட்டை மெல்ல உள்ளே அழுத்தினார். வளையல்கள் ஒவ்வொன்றாக வழுக்கி ஏறின. ஒன்றுகூட உடையவில்லை. நடுவில் மீனாள் கையை இறுக்கியபோது மட்டும் அதட்டல் வந்தது: "கல்லு மாதிரி வைக்காதீங்க ஆச்சி. போட்டு முடிக்கிற வரைக்கும் இது எங் கை!"

மூட்டில் நின்ற வளையல்

மறுநாள் காலை மீனாள் வளையல்களைச் சிறு பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். தூங்குவதற்காகக் கழற்றினாராம், கழற்றும்போதே வலித்ததாம். "வளையலைக் கழட்டி வச்சுட்டுத் தூங்குற புள்ளைய இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று கடிந்துகொண்டே ஜெய்த்தூன் அவர் கையைப் பிடித்தார். முதல் வளையல் பெருவிரல் மூட்டைத் தாண்டவில்லை. புறங்கையில் பெருவிரலை வைத்து அழுத்தினார். விழுந்த குழி நிரம்ப நெடுநேரம் ஆயிற்று. "நேத்து டூ ஃபோரு அளவு வளையல் வழுக்கிக்கிட்டுப் போன கை. இன்னிக்கு அதைவிடப் பெரிய டூ சிக்ஸே ஏறாது. மாசமா இருக்குறவங்க கையை முப்பது வருசம் புடிச்சிருக்கேன்; கை வீங்கும், ஆனா ஒரு ராத்திரியில இப்படி வீங்காது. தலை வலிக்குதா ஆச்சி?" வலிக்கிறது, பயணக் களைப்பாக இருக்கும் என்றார் மீனாள். ஜெய்த்தூன் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், பெரிய டாக்டரு யாருக்காவது சொல்லுங்க."

அருகிலிருந்த வெளிமாநில மருத்துவப் பேராசிரியர் ஒருவரிடம் அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். கருவுற்றவர்களுக்கு வீக்கம் இயல்புதான் என்று அவர் புன்னகைத்தார். அதைத் தமிழில் சொல்வதோடு என் கடமை முடிந்தது. நான் முடிக்கவில்லை. "ஐயா, இனிச் சொல்வது என்னுடையது. இவர் பார்த்த கைகளின் எண்ணிக்கை தாங்கள் பார்த்த கைகளைவிடக் கூடுதலாக இருக்கும். இப்போதே இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்" என்றேன். அவர் முகம் மாறியது, எழுந்துவிட்டார். அதன்பின்தான் தெரிந்தது, தோலைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவிகள் நிறைந்த அந்த மண்டபத்தில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எந்த மருத்துவரிடமும் இல்லை. ஓடித் தேடியபோது சமையல்கட்டில் தலைமைச் சமையற்காரரின் பையில் ஒன்று கிடைத்தது. "தெனம் ஆயிரம் பேருக்கு உப்புப் போடுற கைங்க, நம்மளைப் பிரஷரு விட்டு வைக்குமா?" என்று அவரே கொண்டுவந்து கட்டிவிட்டார்.

கருவி காட்டிய எண்ணைப் பார்த்ததும் பேராசிரியரே வண்டியை அழைத்தார். ஜெய்த்தூனும் நானும் உடன் சென்றோம். மருத்துவமனையில் மகப்பேற்று மருத்துவர் சோதித்து, உடனே மருந்து கொடுத்து, கட்டிலில் படுக்க வைத்தார். தாயும் வயிற்றுக் குழந்தையும் நலம். ஓரிரு நாள் கவனிக்காமல் விட்டிருந்தால் வலிப்பு வரை போயிருக்கும் என்றார். இதை முதலில் கண்டுபிடித்தவர் எந்த மருத்துவர் என்றும் கேட்டார். மீனாள் கட்டிலில் படுத்தபடியே, தேடிப் பிடித்த தமிழில், என் உதவியின்றிச் சொன்னார்: "டாக்டர் இல்லைங்க. என் வளையல்காரம்மா."

பக்கத்துக் கட்டில்கள்

மீனாளின் கணவர் பெங்களூரிலிருந்து வந்து சேர மாலையாகும். அதுவரை ஜெய்த்தூன் நகரமாட்டேன் என்றார். மாநாட்டின் நிறைவு விழாவில் என் இடத்துக்கு வேறொருவரை அனுப்பச் சொல்லிவிட்டு நானும் இருந்தேன். அறையில் மொத்தம் ஆறு கட்டில்கள், ஆறிலும் கருவுற்றவர்கள். செவிலியர் வாயிலாகச் செய்தி பரவிவிட்டது. முதலில் எதிர்க் கட்டிலிலிருந்த இளம் பெண் எழுந்து வந்து, "எங் கையையும் பாத்துச் சொல்லுங்கம்மா" என்று நீட்டினாள்.

ஜெய்த்தூன் உடனே பிடிக்கவில்லை. தம் இரு கைகளையும் அவள் கண்ணெதிரே விரித்துக் காட்டினார். "பாத்துக்க தாயி. எனக்கு இப்படி இருக்கு."

"அது கெடக்கட்டும்மா, எனக்கு வீக்கம் இருக்கா இல்லையா?" என்றாள் அவள்.

பிடித்துப் பார்த்தார், இல்லை என்றார். அடுத்தவள் வந்தாள். அவளுக்கு அடுத்தவளுக்குத் துணையாக வந்த மாமியாரும் நீட்டினார். "ஒங்களுக்கு எதுக்குத்தா, நீங்க என்ன மாசமாவா இருக்கீங்க?" என்று ஜெய்த்தூன் கேட்க, அறையே சிரித்தது. ஆனாலும் அவர் கையையும் பிடித்துப் பார்த்துத்தான் விட்டார். எட்டாம் மாதத்திலிருந்த ஒரு பெண் தன் வளைகாப்பு வரும் வெள்ளிக்கிழமை அறந்தாங்கியில் என்றும், வந்து போட்டுவிட முடியுமா என்றும் கேட்டாள். ஜெய்த்தூன் சன்னல் பக்கம் சென்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பேசியில் மருமகளை அழைத்தார். "ஏம்மா, கடையைக் கேட்டு வந்தாருல்ல, இல்லன்னு சொல்லிரு. ஆமா, இல்லதான்! அப்பறம் பச்சையும் செவப்புமா டூ ஃபோரு நாலு டஜன், டூ சிக்ஸு ஆறு டஜன், நல்லாக் கட்டி இப்பவே பஸ்ஸுல குடுத்து விடு. இங்கிட்டு ஆறு பேரு கையை நீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காக."

இரண்டு நாளும் தொண்டை வறண்டுபோகும்படி பேசியவள் நான். ஆயினும் அம்மாநாட்டில் நடந்த மிகச் சிறந்த உரையாடலுக்கு மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவைப்படவில்லை என்பதைத் தொழில்முறை வருத்தத்துடன் இங்கே பதிவு செய்கிறேன்.