அக்காவின் பெயரில் ஒரு நாள்

அன்றைக்கு ஒரு நாள் மட்டும் எனக்குப் பன்னிரண்டு வயது. மறுநாளே பழையபடி எட்டுக்குத் திரும்பிவிட்டேன். நடுவில் என்ன நடந்தது என்பது ரொம்ப காலம் எனக்கு விளங்கவேயில்லை.

எல்லாம் வயிற்று வலியில் தொடங்கியது. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து, வலது பக்கம் இறங்கி, அங்கேயே குடியேறிக்கொண்டது. எங்கள் ஊர் ராமேஸ்வரம் தீவில் ஒரு மீனவக் குடியிருப்பு. சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா என் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "வாயுவா இருக்கும்" என்று ரோஸ் கலர் மாத்திரை கொடுத்தார். சாயங்காலம் கிளினிக் டாக்டர் பூச்சி என்றார். அதற்கும் மாத்திரை. மறுநாள் அம்மா என்னைப் பாலம் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். துணைக்கு அம்மாவின் அண்ணன், என் மாமா வந்தார். அப்பா கடலில் இருந்தார். மறுநாள் காலையில்தான் கரைக்கு வருவார்.

அங்கே ஒரு ஜன்னலில் சீட்டு வாங்கி, அதைக் காட்டி இன்னொரு ஜன்னலில் இன்னொரு சீட்டு வாங்கி, அதை எடுத்துக்கொண்டு ஸ்கேன் அறைக்குப் போனால் பூட்டு. ஆள் திங்கட்கிழமைதான் வருவாராம். ஆபரேஷன் டாக்டர் ஏதோ முகாமுக்குப் போயிருந்தார். கடைசியில் ஒருவர் எல்லாச் சீட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "மதுரைக்குக் கொண்டு போயிருங்க" என்று புதிதாக ஒரு சீட்டு எழுதினார். அம்மா ஒவ்வொன்றையும் நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. வலிக்கிறது என்று சொன்னால் போதாதா, அதற்கு எத்தனை ஜன்னல்? யாராவது ஒருவர் என்னைத் தொட்டுப் பார்த்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

மாமாவுக்கு உலகத்தில் தெரியாதது எதுவும் கிடையாது. "மதுரைக்கெல்லாம் எதுக்கு அலையணும்? காப்பீட்டுக் கார்டுல பாக்குற ஆஸ்பத்திரி இங்கனயே இருக்கு" என்றார். கார்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

ஒரே ஒரு சிக்கல். கார்டில் நான் இல்லை. ரேஷன் கார்டில் யார் யார் இருந்தார்களோ அவர்களைத்தான் அதில் ஏற்றியிருந்தார்கள்: அப்பா, அம்மா, அக்கா. அக்கா மூன்று வயதில் காய்ச்சலில் இறந்துபோனவள். அதற்குப் பிறகு ஒரு வருடம் கழித்து நான் பிறந்தேன். இப்போதிருக்கும் படகுக்கு முன்னால் எங்களுக்கு வேறொரு படகு இருந்தது என்று தெரிவது போல, எனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும். அவ்வளவுதான்.

என் பெயரைச் சேர்க்க அம்மா இரண்டு தடவை தாலுகா ஆபீஸுக்குப் போயிருக்கிறாள். இறந்த பிள்ளையின் பெயரை முதலில் நீக்குங்கள், பிறகு இதைச் சேர்ப்போம் என்று சொன்னார்களாம். இரண்டு தடவையும் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஏன் என்று அப்பா கேட்டால், நேரமில்லை என்பாள். விடிந்ததும் பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவளுக்கு நேரம் ஏது என்று எல்லோரும் நம்பினோம்.

ஆட்டோவில் மாமா என் பக்கம் குனிந்தார். "ஏ தாயி, இன்னிக்கு ஒரு நாளைக்கு நீதான் ஒன் அக்கா. பன்னெண்டு வயசு. கேட்டா டக்குனு சொல்லிருவியா?"

"எத்தனாம் வகுப்பு மாமா?"

"ஏழாப்பு. கெட்டிக்காரி."

பரீட்சை எழுதாமலே நாலு வகுப்பு தாண்டியதில் வலிகூடக் கொஞ்சம் மட்டுப்பட்டது. மாமா சொல்லிக்கொடுத்த பெயரை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. அதனால் புதுச் செருப்பு போலக் கடித்தது. அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் மாமா அந்தப் பெயரைப் பதிந்தார். கார்டுக்கு ரெண்டு ஜெராக்ஸ் வேண்டும் என்றார்கள். அவர் கடையைத் தேடிப் போனார். நானும் அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அரை மணி நேரம் கழித்து நர்ஸ் கதவைத் திறந்து அக்காவின் பெயரைக் கூப்பிட்டாள்.

நான் எழுந்திருக்கப் போனேன். அம்மாவின் கை என் கையைப் பிடித்து அழுத்தியது. நர்ஸ் இரண்டாம் முறை கூப்பிட்டாள். மூன்றாம் முறை கூப்பிட்டாள். நானோ மூச்சுப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கிறேன். அம்மா அந்தக் கதவையே பார்க்கிறாள், உள்ளேயிருந்து யாரோ வெளியே வரப்போவது மாதிரி. நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு நாளாக எங்களை யாரும் கூப்பிடவில்லை என்றுதானே அம்மா புலம்பிக்கொண்டிருந்தாள்? கூப்பிடும்போது இப்படிக் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம்? வலி இதற்குள் காலை நீட்டவிடாமல் செய்திருந்தது.

மாமா வந்தார். "இன்னும் கூப்புடலையா?"

"கூப்புட்டாங்க" என்றாள் அம்மா.

"பெறகு?"

அம்மா இன்னும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா ஓடிப்போய் நர்ஸிடம் கெஞ்சினார். அவள் சலித்துக்கொண்டே மறுபடியும் அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை அம்மா எழுந்து நின்றாள்.

"அந்தப் புள்ள இல்லம்மா" என்றாள். "அவ செத்து ஒம்போது வருசமாச்சு. இவ எளையவ. இவளுக்குத்தான் வலி. இவளைப் பாருங்க."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். மேசையில் இருந்தவர், கார்டில் இல்லாத பிள்ளைக்குத் தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஜெராக்ஸைத் திருப்பிக் கொடுத்தார். சத்தம் கேட்டு வெளியே வந்த ஒரு டாக்டர்தான் என்னை உள்ளே படுக்கவைத்து, வலது பக்கம் அமுக்கிவிட்டுச் சட்டென்று கையை எடுத்தார். நான் போட்ட கூச்சலில் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "குடல்வால். இனிமே ஒரு நிமிசம்கூட நிக்காதீங்க" என்று அவரே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

மதுரை அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. அங்கே யாரும் கார்டையே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வெடித்திருக்குமாம். இது தெரிந்த பிறகு மாமா கிறிஸ்துமஸ் வரைக்கும் அம்மாவோடு பேசவில்லை. "பெத்த புள்ள உசுரைவிட இவளுக்கு உண்மை பெருசாப் போச்சு" என்று அப்பாவிடம் பொரிந்து தள்ளினார். நானும் மாமா கட்சிதான். பெயர், வயது, வகுப்பு எல்லாம் நான் தப்பில்லாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கெடுத்தது அம்மாதான். அப்பா மட்டும் அம்மாவை ஒன்றும் கேட்கவில்லை.

தையல் பிரித்த மறுவாரம் அம்மா பெட்டியின் அடியிலிருந்து அக்காவின் பெயர் எழுதிய ஒரு பழைய தாளை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குத் தனியாகப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. அன்றைக்குப் பாசிக்கும் போகவில்லை.

சில மாதங்களில் புது ரேஷன் கார்டு வந்தது. அதில் என் பெயர் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டு, கடைசியாக அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஒவ்வொரு பெயராக விரல் வைத்து எண்ணினாள். மூன்று வந்தது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். மூன்றாவது பெயருக்குக் கீழே எழுதாமல் விட்டிருந்த இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

அவள் திணறுகிறாள் என்று நினைத்து நானே எண்ணிக் காட்டினேன். "அப்பா, நீ, நான். மூணு பேருதாம்மா. சரியாத்தான் இருக்கு."

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு இன்னொரு தடவை எண்ணினாள். அம்மாவுக்குக் கணக்கு வராது என்று நான் அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன்.