மறுப்புக் கடிதங்களில் அப்பா

மொழிபெயர்ப்பு வேலையில் யார் யாரோ வந்து என்னிடம் மாட்டுவார்கள். இந்த முறை ஒரு பழைய கிரேக்க வரலாற்றாசிரியர். சிசிலித் தீவில் பிறந்து, ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, ஏதென்ஸில் ஐம்பது வருடம் உட்கார்ந்து எழுதியவர். முப்பதுக்கும் மேற்பட்ட பகுதிகள். ஒன்றுகூட முழுதாக இல்லை. பின்னால் வந்த இன்னொரு வரலாற்றாசிரியருக்கு இவர் பேரைக் கேட்டாலே ஆகாது. ஊர் சுற்றாமல் நூலகத்திலேயே கிடந்தவர் என்று பக்கம் பக்கமாகத் திட்டித் தீர்த்திருக்கிறார். அந்தத் திட்டுக்கு நடுவே இவர் வரிகளை எடுத்துக் காட்டியதால்தான் இவர் சொன்னதில் நிறைய நமக்குத் தெரிகிறதாம்.

படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவும் வரலாறு எழுதியவர்தான். ஓய்வு பெற்றபின் எங்கள் இரும்புலியூர் காலனியின் கதையை ஒன்பது நோட்டுகளில் எழுதினார். நான் ஒரு வரி படித்ததில்லை. போன வருடம் அவர் தவறினார். இந்தப் போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்த வேகத்தில், பிள்ளைகளின் பழைய ஸ்கூல் நோட்டு என்று நினைத்து அத்தனையையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். பழைய சாமான் விற்கும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மூன்று வாரம் தேடினேன். கிடைக்கவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் என்னதான் எழுதினார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அப்பாவைத் திட்டவும் ஒருத்தர் இருந்தாரே! எதிர்வீட்டு அங்கிள், காலனி சங்கச் செயலாளர். அப்பா ஒவ்வொரு நோட்டையும் முடித்து, சங்கக் கூட்டத்தில் வாசிப்பார். அங்கிள் அதைக் கேட்டு வாங்கிப் போய், ஒரு வாரத்தில் மறுப்புக் கடிதத்தோடு திருப்பித் தருவார். போய்க் கேட்டேன். அந்தக் கடிதங்களின் பிரதிகள் அடங்கிய தடித்த ஃபைலோடு வந்தார்.

"உங்கப்பா எழுதினது பூரா தப்பும்மா. முதல் போர்வெல் உங்க வீட்லதான் போட்டாங்களாம்! எங்க வீட்லம்மா. அவர் எழுதினத வார்த்தைக்கு வார்த்தை காப்பி பண்ணித்தான் பதில் எழுதியிருக்கேன்."

ஆவலாகப் புரட்டினேன். ஏரி நிரம்பி எங்கள் தெருவில் மீன் பிடித்தது, தெருவிளக்குக்கு மனு போட்டு அலைந்தது. எல்லாம் அப்பாவின் வரிகள், அங்கிளின் கையெழுத்தில். ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் 'தவறு'. கடைசித் தாளில் ஒரு வரிக்குக் கீழே மட்டும் ஒன்றுமில்லை: 'சந்தேகப்படுகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். நோட்டுகளை என் மகள் பத்திரமாக வைத்திருப்பாள்.'

"அதுக்கு மட்டும் நான் மறுப்பு எழுதலம்மா," என்றார். "ஒரு நாள் எல்லாத்தையும் கொண்டாயேன். நிதானமா படிக்கணும்."

போகியன்று செய்ததைச் சொல்லிவிட்டேன்.

அவர் ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்போ, நான் திட்டினதுதான் மிச்சமா?" என்றார்.