கை காட்ட ஆளில்லாத எல்லை

பழவங்காடி டாக்ஸி ஸ்டாண்டில் நேசமணி அண்ணன் வண்டியும் என் வண்டியும் அடுத்தடுத்து நிற்கும். நான் லிங்கராஜ். எனக்கு வாய் நீளம் என்று ஸ்டாண்டில் சொல்லுவார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அண்ணன் கதையைச் சொல்ல என்னைவிட்டால் ஆள் கிடையாது.

அண்ணனுக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். திருவனந்தபுரத்தில் வண்டி ஓட்டியே இரண்டு பெண்களையும் நர்சிங் படிக்க வைத்தார். மூத்தவள் நீது ஜெர்மனியில் எல்லையோரமாக ஆகன் என்கிற ஊரில் இருக்கிறாள். இளையவள் ஜிஜி பக்கத்து நாடான பெல்ஜியத்தில். மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆனால் மனசு வெள்ளை. வண்டியில் எப்போதும் ஒரு ரெக்சின் பை வைத்திருப்பார். ஆர்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் இருக்கும், அது நியாயம். கூடவே ரேஷன் கார்டும் சபையில் கொடுத்த கல்யாண சர்டிபிகேட்டும் இருக்கும்.

"வழியில இன்னொரு கல்யாணம் கெட்டப் போறீரா அண்ணே?" என்று கேட்பேன். அடிக்க வருவார்.

அந்தப் பை ஏன் அப்படிப் பருத்தது என்று எனக்குத் தெரியும். கொரோனா சமயத்தில் அவருடைய அம்மா ஊரில் சாகக் கிடந்தாள். கேரளா முடிந்து தமிழ்நாடு தொடங்குகிற களியக்காவிளைக்கு நான்தான் வண்டியோட்டினேன். ரோட்டுக்குக் குறுக்கே கம்பு கட்டியிருந்தார்கள். பாஸ் இல்லாமல் விட முடியாது என்றார்கள். கையிலிருந்த காகிதத்தையெல்லாம் காட்டினார், கும்பிட்டார், கத்தினார். கம்புக்கு அந்தப் பக்கம் தெரிவதும் அதே ரோடுதான். அதில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் வீடு. நாங்கள் அங்கேயே நிற்கும்போதுதான் போன் வந்தது, அம்மா போய்விட்டாள் என்று. பாஸ் வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

போன வருஷம் ஒரு சாயங்காலம் நீது போன் செய்தாள். அங்கே மத்தியானம். ஜிஜிக்குக் குறித்த தேதிக்கு முன்னாலேயே வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஆபரேஷன் செய்தாக வேண்டுமாம். புருஷன் கப்பலில் இருக்கிறான். தனியாகக் கிடக்கிற பெண், அக்கா வராமல் உள்ளே போகமாட்டேன் என்று அழுகிறாளாம்.

"அப்பா, வண்டியில போவட்டா, ரயில்ல போவட்டா?" என்று கேட்டாள் நீது.

முப்பது வருஷம் வண்டி ஓட்டிய மனிதர், யோசிக்கவே இல்லை. "ரயில்ல போ மோளே. ரோடுன்னா எவனாவது குறுக்க கம்பு போடுவான். ரயிலுக்கு முன்னால எவன் போடுவான்?"

"இங்க அப்பிடி இல்லப்பா. கார்ல போனா சட்டுன்னு போயிரலாம்."

"நீ சும்மா கெட. எல்லையப் பத்தி எனக்குச் சொல்லித் தாறியா?"

பெண் அப்பா பேச்சைத் தட்டாமல் ஸ்டேஷனுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போன். ரயில் ரத்து. அடுத்ததற்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டும். இங்கே அண்ணன் அப்படியே ஸ்டாண்ட் ஓரத்துப் பிளாட்பாரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "நானே கெடுத்துட்டேனே லிங்கராஜே" என்றார். எனக்கு வந்ததே கோபம். "ஒப்பாரிய பெறவு வையும். அவள வண்டிய எடுக்கச் சொல்லும்" என்று கத்திவிட்டேன்.

நீதுவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான், சங்குமுகம் ரோட்டில். அவள் புருஷன் ஜிபினுக்கு அங்கே லைசென்ஸ் இல்லை. அதனால் அவள் ஓட்டினாள். ஜிபின் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோவில் ரோட்டைக் காட்டிக்கொண்டே வந்தான். ஸ்டாண்டில் நாங்கள் எல்லாரும் அண்ணனுடைய போனைச் சுற்றி நின்றோம். சவாரி கேட்டு வந்த ஒருவரை எங்கள் ஸ்டாண்ட் டிரைவர் மைதீன், "செத்த நேரம் நில்லும், ஒரு பிரசவம் நடக்குது" என்று நிறுத்திவைத்துவிட்டான். பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் விடலைத் தேங்காய் உடையும் சத்தம் கேட்டது. அண்ணன் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், ஆனாலும் அவர் பெயருக்கு நான் மனசுக்குள் ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

"ஜிபின், பாஸ்போர்ட்ட கையில எடு. நீது, கண்ணாடிய எறக்கு. போலீஸ்காரன் கை காட்டின உடனே நிறுத்து, எதிர்த்துப் பேசாத. தங்கச்சிக்குப் பிரசவம்னு சொல்லி அழு, கேட்டியா?" என்று அண்ணன் இங்கேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய கால் தரையில் பிரேக்கைத் தேடி அழுத்திக்கொண்டிருந்தது.

போனில் ரோடு ஓடியது. இரண்டு பக்கமும் மரம். ஓரமாக ஆளில்லாத பழைய கட்டிடம் ஒன்று வந்து போனது. அப்புறம் வட்டமாக நட்சத்திரம் போட்ட ஒரு நீலப் பலகை. அதுவும் போனது.

"செக்போஸ்ட் எங்க மக்கா?" என்றார் அண்ணன்.

"அந்தப் பழைய கட்டிடந்தான் மாமா, அது அப்பவே போச்சு. நம்ம பெல்ஜியத்துல இருக்கோம். சில நாள் போலீஸ் நிப்பாங்களாம். இண்ணைக்கு ஆருமில்ல."

"படச்சோனே!" என்றான் மைதீன்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு நாடு முடிந்து இன்னொரு நாடு தொடங்கியிருக்கிறது. நீது ஆக்ஸிலேட்டரில் வைத்த காலைக்கூடத் தளர்த்தவில்லை. இந்தப் பக்கத்து மரத்துக்கும் அந்தப் பக்கத்து மரத்துக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. இந்த உலகத்தில் இப்படியும் ஒரு ரோடு இருக்குமா! சவாரிக்கு வந்த ஆளும் எங்களோடு சேர்ந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அண்ணன் மட்டும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். யாரும் தேற்றப் போகவில்லை.

நீது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டுதான் ஜிஜி உள்ளே போனாள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். நேர்ந்த தேங்காயை நான் அன்றைக்கே உடைத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது எல்லை தாண்டுகிற இடத்தை வீடியோப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி அண்ணன் நீதுவைப் பாடாய்ப் படுத்தினார். அனுப்பினாள். சவாரி ஏறுகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, "எல்லை எங்கேன்னு சொல்லுங்க பாப்போம்" என்பார். முதல் தடவையிலேயே கண்டுபிடித்தவர் ஒருவரும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "ஊர் வரைக்கும் வாறியா?" என்று கூப்பிட்டார். போனோம். களியக்காவிளை வந்ததும் வழக்கம்போல அவர் கால் பிரேக்குக்குப் போனது. அப்படியே தாண்டினார். சபைக் கல்லறைத் தோட்டத்தில் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, போனை எடுத்து அந்தப் படத்தை ஓடவிட்டார். வெயிலில் திரை தெரியாது என்று துண்டால் நிழல் பிடித்தார்.

"பாத்தியாம்மா," என்றார், "உனக்க பேத்திய ஒருத்தனும் நிறுத்தல."