செம்பியை ஏற்றப் போன லொறி

துஷா, கவின், நம் பசு செம்பியைக் கூட்டிவந்த கதையை நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் குறுக்கே கேட்டதில் நான் பாதிதான் சொன்னேன். முழுவதையும் இதில் எழுதுகிறேன்.

வயல் விதைத்ததும் நம் ஊர் மாடுகளை மாதவணைப் பக்க மேய்ச்சல் தரைக்கு அனுப்புவது உங்களுக்குத் தெரியும். அறுவடை முடிந்தால் நடத்தியே கூட்டி வருவார்கள். செம்பி நிறைமாதம், அவ்வளவு தூரம் நடக்க ஏலாது. அதனால் அயலவர்களின் ஐந்து மாடுகள் வரும் லொறியில் அவளுக்கும் இடம் பேசினேன். நம் பங்கு நாலாயிரம் ரூபாய்.

காலை ஐந்தரைக்குத் தேற்றாத்தீவில் ஏறினேன். செம்பிக்கென்று நீங்கள் தந்த மணி சேட்டுப் பைக்குள் கிலுங்கியது. சாரதி றஹீம் காக்கா காத்தான்குடிக்காரர்.

"என்ன தம்பி, மாட்டுக்கு நகையும் கொண்டு போறீங்களா?" என்றார்.

கல்லடிப் பாலத்தில் ஏறும்போது வாவியில் தோணிகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பி, கரடியனாறு தாண்டினால் பிறகு தார் போடாத கிறவல் பாதை. பள்ளத்துக்குப் பள்ளம் என் தலை கூரையில் இடித்தது. காக்கா ஒவ்வொரு தடவையும் கூரையைத்தான் தடவிப் பார்த்தார்.

பத்து மணிக்குப் பட்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். கம்பு வேலி அடைத்த பெரிய வெளி அது. செம்பி என்னைக் கண்டதும் ஓடி வருவாள் என்று நினைத்திருந்தேன். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. மணியை அவள் கழுத்தில் கட்டினேன்.

லொறியை மண்மேட்டோடு பின்பக்கமாக அணைத்துப் பலகை போட்டார்கள். ஐந்து மாடுகளும் ஏறின. செம்பி நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டாள். இழுத்தோம், தள்ளினோம், ஒரு அடி அசையவில்லை. மாடுகளைப் பார்க்கும் சின்னத்தம்பி அண்ணன் கிட்ட வந்து அவள் வயிற்றைத் தடவினார்.

"ரெண்டு நாளா பட்டிக்கு வரல்ல, இண்டைக்குத்தான் தண்ணிக்கு வந்தாள். வயிறு வத்திக் கிடக்கு. கண்டு போட்டிட்டாள் கா. எங்கயோ பத்தைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காள்."

கன்று ஈன்றிருந்தால் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும், நேரமோ குறைவு. மாலை ஆறு மணிக்குப் பிறகு மாடு ஏற்றிய லொறி வீதியில் ஓடக்கூடாது.

"ரெண்டு மணிக்கு நான் வெளிக்கிடுவன் தம்பி. மற்ற அஞ்சும் வெயிலுக்க நிக்குதுகள்" என்றார் காக்கா.

செம்பியை மட்டும் ஏற்றினால் கன்று நரிக்கு. அவளை விட்டுவிட்டு வந்தால் அடுத்த லொறி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அவிழ்த்து விட்டுப் பின்னால் போனோம். நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்வரை அவள் சும்மா புல்லைக் கடித்தாள். கள்ளி.

"எல்லாரும் அங்கால திரும்புங்க. பாக்காத மாதிரி இருப்பம்" என்றார் அண்ணன்.

மூன்று ஆண்களும் லொறி மறைவில் குந்தியிருந்து பால் விடாத பிளேன்ரீ குடித்தோம். கொஞ்சத்தில் மணிச்சத்தம் மெல்ல நகர்ந்தது. கப்பை வைத்துவிட்டுச் சத்தத்தின் பின்னாலேயே போனோம். புதராய் அடர்ந்த ஒரு வீரைப் பத்தைக்குள் காதை மடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தது கன்று. நெற்றியில் வெள்ளைப் பொட்டு.

கன்றைத் தூக்கிக்கொண்டு நான் பலகையில் ஏறினேன். செம்பி என் முதுகை முட்டாத குறையாக ஏறிவிட்டாள். பின்னால் விட்டால் பெரிய மாடுகள் மிதித்துவிடும் என்று கன்றை முன்னுக்கு வாங்கி என் மடியில் வைத்தார்கள். அவள் பின்னாலிருந்து கூப்பிட, இது என் மடியிலிருந்து பதில் சொல்ல, அப்படியே வந்தோம். நடுவில் அது மூத்திரம் பெய்து என் இடுப்புச் சாரம் நனைந்தது.

"கைப்பிள்ளைக்காரருக்கு இதெல்லாம் சகஜம்" என்றார் காக்கா.

வழியில் பொலிஸ்காரர் மறித்து மாடு ஏற்ற மிருக வைத்தியர் எழுதித் தந்த அனுமதித் துண்டைப் பார்த்தார்.

"துண்டில ஆறு. மடியில இருக்கிறது?"

"துண்டு எழுதினதுக்குப் பிறகு பிறந்தவர், சேர்" என்றார் காக்கா. பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டே கையைக் காட்டி அனுப்பினார்.

ஆறுக்குக் கால் மணி இருக்க நம் வீட்டுப் படலைக்கு வந்தோம். பிறகு நீங்கள் துள்ளிய துள்ளலை நான் எழுதத் தேவையில்லை. அங்கே செம்பிக்குக் கண்ணுக்கு எட்டிய மட்டும் புல், இங்கே தென்னைக்கு நடுவில் ஒரு கொட்டில். ஆனாலும் நுழைந்ததும் பழைய இடத்திலேயே போய்ப் படுத்தாள்.

நீங்கள் சாப்பிட உள்ளே போன பிறகு நான் திரும்பவும் கொட்டிலுக்குப் போனேன். செம்பி தலையை ஆட்டும்போதெல்லாம் மணி அடித்து, கன்று திடுக்கிட்டுக் கண் விழித்தது. கொஞ்சம் வைக்கோலை எடுத்து மணியின் நாக்கில் சுற்றிவிட்டு வந்தேன்.