கையில் அடிக்காத வியாபாரம்

ஜெர்மனியின் லேர் ஊர் மாட்டுச்சந்தையில் ஹாபோ உல்ஃபெர்ட்ஸின் உள்ளங்கைக்குப் பயப்படாத ஆளில்லை. விலை படிந்ததும் எதிராளியின் கையில் ஓங்கி அடிப்பான். அடித்தால் வியாபாரம் முடிந்தது, எழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். அடி வாங்கியவனுக்குச் சாயங்காலம் வரை கை எரியும். ஒருமுறை மென்னோ என்பவன் ஹாபோவோடு கையடித்து விலை முடித்த பசுவை மறுநாளே வேறொருவனுக்கு விற்றுவிட்டான். ஹாபோ அவனைப் பீர்க் கொட்டகைக்குள் தேடிப்போய், ஒரு வார்த்தை பேசாமல் முன்பல் இரண்டைத் தெறிக்கவைத்தான். சொல் மாறியவனுக்குப் பல் எதற்கு என்று ஊரே ஹாபோ பக்கம் நின்றது.

அப்பேர்ப்பட்டவன் ஐம்பத்தெட்டு வயதில் தன் டிராக்டரை இணைய ஏலத்தில் போட்டான். ஆரம்ப விலை ஒரு யூரோ என்றால்தான் ஆள் மொய்க்கும் என்று யாரோ சொன்னதை நம்பினான். ஏலம் முடியும் நேரமாக அக்டோபர் சந்தை தொடங்கும் புதன்கிழமை முற்பகலை வைத்தான். டிராக்டர் வாங்கக்கூடிய அத்தனை பேரும் அந்நேரம் சந்தையில்தான் நிற்பார்கள். இந்த மடையனும் அங்கேதான் நின்றான். கேட்டவன் ஒரே ஒருவன், ஓல்டன்பர்க் ஊர்க்காரன் மைன்ஹோல்ட். விலை ஒரு யூரோ.

மைன்ஹோல்ட் ஒரு யூரோ நாணயத்தோடு வந்து டிராக்டரைக் கேட்டான்.

"உன் கையில நான் அடிச்சேனா? அடிக்கல. அப்ப வியாபாரமே இல்ல. வந்த வழியே போ."

"ஏலம் முடிஞ்ச நிமிஷமே ஒப்பந்தம் ஆயிடுச்சுங்க. ஒரு யூரோன்னு போட்டது நீங்கதானே?"

ஹாபோவுக்குக் கோபம் தலைக்கேறியது. கொட்டிலிலிருந்து சம்மட்டியை எடுத்துவந்து டிராக்டரின் கண்ணாடியை, விளக்குகளை, முன்மூடியை அடித்து நொறுக்கினான். தடுக்க வந்த மைன்ஹோல்டின் வாயில் அந்த உள்ளங்கையால் அறைந்தான். கீழே விழுந்தவனை விலாவில் உதைத்தான். மண்ணில் ரத்தத்தோடு ஒரு பல் கிடந்தது. மனைவி தேடா ஓடிவந்து குறுக்கே விழுந்த பிறகுதான் நிறுத்தினான்.

மைன்ஹோல்ட் போட்ட வழக்கில் நீதிபதி அதிகம் பேசவில்லை. ஏலத்தில் போட்டதே வாக்கு, கேட்டதே சம்மதம், விலை குறைந்தது விற்றவன் பாடு என்றார். உடைத்ததைச் சரிசெய்து டிராக்டரைக் கொடுக்க வேண்டும். அடித்ததற்குத் தனியாக வழக்கு. வீட்டுக்கு வந்த ஹாபோ நீதிபதியைத் திட்டித் தீர்த்தான். தேடா அந்த ஊர் வழக்கப்படி, போதும் என்பதற்கு அடையாளமாகக் கரண்டியைத் தன் தேநீர்க் கோப்பைக்குள் போட்டாள்.

"மென்னோ பல்லை எதுக்கு உடைச்ச?"

"வாக்கு மாறினான்."

"நீ என்ன பண்ணின?"

ஹாபோ மறுநாளிலிருந்து டிராக்டரைப் பழுதுபார்க்கத் தொடங்கினான். மூன்று வாரம் கழித்துத் தானே அதை ஓல்டன்பர்க்குக்கு ஏற்றிப்போனான். மைன்ஹோல்ட் எட்டி நின்று நாணயத்தை நீட்டினான், ஹாபோ வாங்கிக்கொண்டான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வெட்கத்தில் காது சிவந்தது. தனக்குத் தெரிந்த ஒரே மரியாதையாக, வியாபாரத்தை முறைப்படி முடிக்க, வலது கையை ஓங்கினான்.

மைன்ஹோல்ட் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டினான்.