பாவடியில ரெண்டு குழி

இன்னிக்கு விடிஞ்சதும் எடப்பாடி பாவடியில களைக்கொத்தால ரெண்டு குழி தோண்டினேன். நெசவுக்குப் பாவு நூலை நீளமா நீட்டிக் கஞ்சி போடற இடம் அது. சேலம் ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்சே ஆகணும், ஊருல நேரா ஓட வேற இடமில்ல.

பாவு நீட்ட வந்த நெசவுக்கார அக்கா கேட்டாங்க:

"ஏனுங்க தம்பி, வாழைக்கன்னு நடறீங்களா?"

"ஓடறதுக்குங்க அக்கா. ஜெர்மனி ஒலிம்பிக்குல சாதனை பண்ணினாரே, அந்த ஓட்டக்காரரு இப்படிக் குழியில கால் ஊனித்தான் கெளம்பறாராம். பேப்பர்ல போட்டிருக்குது."

"எங்க, ஓடுங்க பாக்கலாம்."

குழியில கால் ஊனிக் கெளம்பி, பாவடியோட அந்தக் கோடி வரைக்கும் ஓடினேன்.

திரும்பி வந்தா, என் ரெண்டு குழியிலயும் பாவு தாங்கற மூங்கில் ஊனி நிக்குது.

"நல்ல ஆழமுங்க தம்பி. நாளைக்கும் தோண்டுங்க."

தோண்டத்தான் போறேன். அவங்க மூங்கில் எடுத்து வாரதுக்குள்ள ஓடியும் முடிச்சிருப்பேன்.

கூட ஓட யாருங்க வாரீங்க? உங்க குழிய நீங்களே தோண்டிக்கணும்.